நாள் தள்ளிப்போனால் யூரின் கிட்டா, ரத்தப் பரிசோதனையா?

கர்ப்பமா என்று வீட்டிலேயே பார்ப்பதா, லேபுக்குப் போவதா என்று நிறையப் பேர் தவிக்கிறார்கள். இரண்டுமே தேடுவது கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனைத்தான். கரு கருப்பைச் சுவரில் பதிந்த பிறகுதான் அது ரத்தத்தில் ஏறும், அதனால் உறவு கொண்ட மறுநாளே எதில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

செலவு: கிட் மெடிக்கலில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ரத்தத்துக்குச் சில நூறு ஆகும்.

எப்போது: கிட்டுக்கு நாள் தள்ளும் வரை பொறுங்கள். ரத்தத்தில் சில நாள் முன்பே தெரியும்.

விவரம்: கிட் ஆம், இல்லை என்பதோடு சரி. ரத்தம் அளவையும் சொல்லும். 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, அளவு சரியாக ஏறுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் ஸ்கேனோடு இதுவும் வேண்டும்.

கிட்டுக்குக் காலை முதல் சிறுநீர் நல்லது. அட்டையில் சொன்ன நேரத்துக்குள் இரண்டாவது கோடு மங்கலாக வந்தாலும் பெரும்பாலும் கர்ப்பம்தான், ஆனால் அரை மணி நேரம் கழித்துத் தெரியும் கோட்டை நம்பாதீர்கள்.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர்களுக்குக் கிட்டே போதும். ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) செய்தவர்கள், முன்பு கரு கலைந்தவர்கள் ரத்தம் கொடுங்கள். ஒரு பக்க வயிற்று வலி, ரத்தக் கசிவு, தலைச்சுற்றல் இருந்தால் கிட்டோடு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.