72,000 ரூபாயும் போயிற்று, எரிச்சலும் தீரவில்லை

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் வெளியே சொல்லக் கூசும் விஷயம் இது. அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் என்னிடம் 72,000 ரூபாய் கறந்தார்கள்.

எனக்கு மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல். சென்னையில் ஓர் அழகு சிகிச்சை நிலையம் 'கத்தி இல்லை, தையல் இல்லை, லேசரில் இளமை திரும்பும்' என்று விளம்பரம் செய்திருந்தது. போனேன். அதுவரை என்னை 'மேடம்' என்ற அங்கே வேலை பார்க்கும் பெண், கதவைச் சாத்தி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டதும் 'அம்மா' என்றாள். "என்னைப் பெற்றவளுக்கும் இதைத்தான் செய்தோம், அம்மா." வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவளிடம் கொட்டினேன். மூன்று சிட்டிங், முழுத் தொகையும் முன்கூட்டியே: 72,000. நான்கு பக்க ஆங்கிலப் படிவத்தில் அவள் பென்சிலால் குறியிட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் சிட்டிங் முடிந்த இரவு, சிறுநீர் கழித்தால் மிளகாய்ப் பொடி தூவியதுபோல் எரிந்தது. தொலைபேசியில் கேட்டால், "எல்லோருக்கும் அப்படித்தான் மேடம், ஐஸ் வையுங்கள்." பத்து நாள் கழித்து, "டாக்டர் வெளியூரில் இருக்கிறார் மேடம்." பழையபடி மேடம் ஆகிவிட்டேன். நேரில் போய், செய்யாத மூன்றாவது சிட்டிங்குக்காவது பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதிலுக்கு முகத்துக்கு லேசர் போட்டு விடுகிறார்களாம். முகத்துக்கு!

அரசு மருத்துவமனையில் பார்த்த மகளிர் மருத்துவர், சுட்ட புண் தழும்பாகிக்கொண்டிருக்கிறது என்றார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வரும் வறட்சியாம். அதற்குச் சில நூறு ரூபாய்க்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பே கிடைக்கிறதாம். இந்த லேசரால் தீக்காயம், தழும்பு, தீராத வலி வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையிலேயே எச்சரித்திருக்கிறது. சிட்னியில் சில பெண்களுக்கு உண்மை லேசரும் மற்றவர்களுக்குப் போலி லேசரும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்தும் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 2021-இல் வெளியான முடிவு. அதற்குத்தான் நான் 72,000 அழுதேன்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். முதலில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். லேசரைப் பிடிப்பவர் மருத்துவர்தானா என்று கேளுங்கள் (எனக்கு லேசர் போட்டவர் யாரென்று இன்றுவரை தெரியாது, முகக்கவசம்தான் தெரிந்தது). சரியான ரசீது வாங்குங்கள்; என்னிடம் இருப்பது 'சருமப் பராமரிப்பு, 72,000' என்று கிறுக்கிய துண்டுச்சீட்டு. மீதியைப் பிறகு எழுதுகிறேன், இதற்கு மேல் உட்கார முடியவில்லை.