கிரீன் கார்டா, எச்-1பி விசாவா: அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் கிரீன் கார்டுக்காரர், குடிமக்களைப் போலவே துப்பாக்கி வாங்கலாம். கடையில் 4473 படிவத்தை நிரப்பி, கார்டிலுள்ள எண்ணை எழுதினால் பின்னணிச் சோதனை நடக்கும். மாநில விதிகள் தனி.

எச்-1பி, மாணவர் விசாக்காரர்களுக்கு அடிப்படையில் தடைதான். ஏதேனும் ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வாங்குபவரின் பொறுப்பை அளக்க இது தவறான அளவுகோல் என்பேன். நேரடிப் பயிற்சித் தேர்வு வைப்பதே நியாயம்.

பலர் மாட்டிக்கொள்வது புதுப்பித்தலில். அந்த உரிமம் பெரும்பாலும் ஓராண்டுக்கே செல்லும். வேறு விலக்கு இல்லையென்றால், அது காலாவதியானதும் பெட்டியில் பூட்டிய துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். அதிகபட்சம் 15 ஆண்டு சிறை. எச்-1பி விசாக்காரரின் துணைவர், அதாவது எச்-4 விசாவிலுள்ளவர், உரிமமின்றிப் பயிற்சிக் களத்தில் சுட்டுப் பார்ப்பதும் இந்தக் குற்றத்தில் அடங்கும்.