ஃபியட் பாண்டா, 1980: ஆசிரியரின் கோடு தெரியும் கார்

ஜார்ஜெட்டோ ஜுஜாரோ வடிவமைத்த முதல் பாண்டாவின் கண்ணாடிகள் எல்லாமே தட்டையானவை. டேஷ்போர்டின் பெரும்பகுதி துணி போர்த்திய நீளமான பைதான், அதன் மேல் இடமும் வலமும் நகர்த்தக்கூடிய ஒரு சாம்பல் கிண்ணம். இத்தாலியின் டூரின் நகரில் ஓவியம் பயின்ற காலத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், கோலியா என்ற புனைபெயரில் கேலிச்சித்திரம் வரைந்த எவ்ஜெனியோ கோல்மோ. மாணவர் கண்காட்சியில் இடம்பெற்ற ஜுஜாரோவின் கார் ஓவியங்கள், கோல்மோவின் உறவினரும் ஃபியட் பொறியாளருமான தாந்தே ஜாகோசாவின் கண்ணில் பட, 1955-இல், 17 வயதிலேயே, அங்கு வேலை கிடைத்தது. சில கோடுகளிலேயே ஒரு முகத்தைப் பிடித்துவிடும் கேலிச்சித்திரக்காரரின் சிக்கனத்தையே இந்த வண்டியில் நான் காண்கிறேன். லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டை வில் பொருத்திய பின்பக்கம் மேடுபள்ளங்களில் தூக்கிப்போடும் என்பது உண்மையே. ஆயினும், தூளிபோல் தொங்கும் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுச் சுமையேற்றும் வசதிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.