ஈஜிஆர் வால்வு கிளீனிங்: கொடுத்த காசுக்கு வேலை நடந்தது

கோவையில் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் என் பிஎஸ்4 (அரசின் வாகனப் புகை விதி) டீசல் காரின் ஈஜிஆர் வால்வை, அதாவது புகையைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வை, கழற்றிக் கழுவிக் கொடுத்தார்கள். தார் மாதிரி கரி அப்பி, வால்வு முழுசாக மூட முடியாமல் நின்றதை மெக்கானிக் கூப்பிட்டே காட்டினார். இந்த வால்வு வழியாகப் புகையில் ஒரு பங்கு திரும்ப இன்ஜினுக்குள் போவதால் ஆக்சிஜன் குறைந்து, எரியும் வெப்பம் இறங்கி, நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு குறைகிறது, ஆனால் கரி கூடும், அடைப்புக்குக் காரணமே அதுதான். வால்வையே தகடு வைத்து அடைத்துவிட்டால் பிக்கப் வரும் என்று சொல்லும் கடைகள் உண்டு. இவர் முடியவே முடியாது என்றார், அது பிடித்தது. அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடிவிடும், அதன் வரம்பே பிஎஸ்4 டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராம், அடுத்து வந்த பிஎஸ்6-இல் 0.08தான். கழுவிய அப்புறம், கறுப்புப் புகை நின்றது, இழுவையும் தேவலை. கேஸ்கெட்டுக்குத் தனிக் காசு என்பதை மட்டும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.