திஹுவானாவில் அம்மாவோடு சாப்பிடப் போய் ஏமாந்தோம்: போகிறவர்கள் கவனிக்கவும்

அமெரிக்காவில் சான் டியேகோ பக்கம் இருப்பவர்கள், ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் ஒரு நாள் எல்லை தாண்டி மெக்சிக்கோவின் திஹுவானாவுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைப்பவர்கள், இதை முழுவதும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். வருகிறவர் சைவம் என்றால் கண்டிப்பாகப் படியுங்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நான், மனைவி, அம்மா மூவரும் போனோம். ட்ராலி ரயிலின் நீலத் தடத்தில் கடைசி நிறுத்தமான சான் இசிட்ரோவில் இறங்கி, நடந்தே எல்லையைக் கடந்தோம். இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிக்கோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆற்றுக்கு மேலே உள்ள நடைபாலம் வழியாகப் போனால் கொஞ்ச நேரத்தில் அவெனிதா ரெவொலுசியோன் என்கிற வீதி வந்துவிடும். பெரிய வளைவு, வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட கழுதைகள், வரிசையாக நினைவுப்பொருள் கடைகள். சீசர் சாலட் பிறந்ததும் இந்த ஊரில்தான், 1924இல் என்கிறார்கள்.

நான் போனது அதோபாதா சாப்பிட. மற்ற ஊர்களில் அல் பாஸ்தோர் என்பதை இங்கே இப்படித்தான் சொல்கிறார்கள். காய்ந்த சிவப்பு மிளகாய் அரைத்துப் பூசிய பன்றிக்கறியை நெட்டுக்குத்தான கம்பியில் அடுக்கி, நெருப்புக்கு முன்னால் சுழலவிட்டு, வெந்த பக்கத்தைச் சீவிச் சீவி, மெல்லிய ரொட்டியில் வைத்து மடிக்கும் டாக்கோவில் போடுவார்கள். அந்தக் கம்பிக்குப் பெயர் த்ரோம்போ. லெபனானிலிருந்து மெக்சிக்கோவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த முறை அது. அம்மாவுக்கு அந்த ரொட்டியை, மக்காச்சோள டார்ட்டியாவைக் காட்ட வேண்டும் என்றும் ஆசை. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்துத்தான் அரைக்கிறார்கள் என்றதும், “வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பா?” என்று ஆச்சரியப்பட்டார். அதே சுண்ணாம்புதான்.

வீதியில் நுழைந்ததுமே கையில் மெனுவோடு ஒருவர் கூடவே நடக்க ஆரம்பித்தார். நல்ல ஆங்கிலம். “அம்மாவுக்கு நாற்காலி போட்டுத் தருகிறேன், வெயிலில் நிற்க வைக்காதீர்கள்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். வாசலில் த்ரோம்போவின் பெரிய படம் வேறு இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் த்ரோம்போ கண்ணில் படவில்லை. கேட்டதற்குச் சமையலறையில் இருக்கிறது என்றார்கள். இதை இப்போது நினைத்தால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. த்ரோம்போ வைத்திருக்கும் கடைக்காரர் அதைத் தெருவைப் பார்த்துத்தான் வைப்பார். அதுதான் அவருடைய விளம்பரமே.

உட்கார்ந்ததும் முதலில் அம்மா விஷயத்தைச் சொன்னேன். இறைச்சி, மீன், முட்டை எதுவும் கூடாது, பன்றிக் கொழுப்பும் கூடாது என்று ஆங்கிலத்திலும் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷிலும் சொன்னேன். பன்றிக் கொழுப்புக்கு ஸ்பானிஷில் மான்தேகா, அந்தச் சொல்லை இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். பரிமாறுகிறவர் நெஞ்சில் கை வைத்து, “இங்கே எல்லாம் தாவர எண்ணெய்தான்” என்றார். அம்மாவுக்கு டார்ட்டியாவுக்குள் சீஸ் வைத்துச் சுடும் கேசடியாத் தட்டு, கூடவே சோறும் மசித்த பயறும். எங்களுக்கு அதோபாதாத் தட்டு இரண்டு. மூன்று பேருக்கும் ஹமைக்கா, அதாவது செம்பருத்தி இனத்துப் பூவில் செய்யும் சிவப்புத் தண்ணீர்.

எங்கள் தட்டில் வந்தது அதோபாதாவே இல்லை. சட்டியில் வதக்கிய கறித்துண்டுகளில் சிவப்புச் சாயம் மாதிரி ஏதோ ஒரு குழம்பு, மேலே துருவிய மஞ்சள் சீஸ், பாக்கெட்டிலிருந்து எடுத்த விறைத்த டார்ட்டியா. அது போகட்டும், மோசமான சாப்பாடு எந்த ஊரிலும் கிடைக்கும்.

அம்மா பாதித் தட்டு முடித்திருப்பார். பயறு ஆற ஆறத் தட்டின் ஓரத்தில் வெள்ளையாக எதுவோ உறைந்துகொண்டு வந்தது. “ஏம்ப்பா, இது என்ன வெள்ளையா உறையுது, நெய்யா?” என்று கேட்டார். எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டுப் பயறு எதில் வதக்கியது என்று கேட்டேன். அவனுக்கு ஒளிக்கத் தெரியவில்லை. “மான்தேகா, செனோர்” என்றான். எப்போதும் அப்படித்தான் செய்வார்கள் என்றும் சொன்னான்.

எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கம். அம்மா 68 வயது வரை முட்டைகூடத் தொட்டதில்லை. நான் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. கைகழுவும் இடத்துக்குப் போய் வாய் கொப்பளித்தார், திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். மனைவிதான் கூடப் போய் நின்றாள்.

இதில் மெக்சிக்கோச் சமையலைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. மசித்த பயறுக்குப் பன்றிக் கொழுப்பு ஊற்றுவது அவர்கள் பாட்டி காலத்துப் பக்குவம், அதில்தான் அந்த ருசி. எங்களிடம் “கொழுப்புப் போட்டிருக்கிறோம், அம்மா சாப்பிட வேண்டாம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்போம். ஒரு தட்டு விற்பதற்காகத் தெரிந்தே பொய் சொன்னார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் பில் வந்தது. மெனுப்படி எங்கள் கணக்கு 670 பெசோ: இரண்டு தட்டு 360, அம்மாவின் தட்டு 160, தண்ணீர் 150. நாங்கள் கேட்காமலே கொண்டுவந்து வைத்த சோளச் சில்லுக்கும் அவகாடோ மசித்த குவாக்கமோலிக்கும் 150 சேர்த்திருந்தார்கள். அதற்கு மேல் வரி என்று 16 சதவீதம், சேவை என்று 15 சதவீதம். மொத்தம் 1,074 பெசோ. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ரொக்கம்தான் என்றார்கள். டாலர் எங்கேயும் வாங்குவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி நான் பெசோ மாற்றாமல் போயிருந்தேன். அன்று வங்கியில் டாலருக்கு 18 பெசோவை ஒட்டி விலை. இவர்கள் போட்டது 10. ஆக 670 பெசோச் சாப்பாட்டுக்கு, அதாவது 37 டாலருக்கு, 107 டாலர். நான் சத்தம் போட, இன்னும் இரண்டு பேர் வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். “குடுத்துட்டு வாப்பா, போயிரலாம்” என்று அம்மா சொன்னதால் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வர எல்லை வரிசையில் இரண்டரை மணி நேரம். அம்மா தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு நின்றார்.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் திஹுவானாக்காரர், தினமும் எல்லை தாண்டி வருகிறவர். திங்கட்கிழமை பில்லைக் காட்டினேன். அவருக்கு என்னைவிடக் கோபம் வந்தது. அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்: மெக்சிக்கோவில் மெனுவில் போட்டிருக்கும் விலை வரியோடு சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும், தனியாக வரி போடக் கூடாது. அந்த வரியும் எல்லைப் பகுதியில் பதிவு செய்துகொண்ட கடைகளுக்கு 2019 முதல் 8 சதவீதம்தான். டிப்ஸ் நம் விருப்பம், பில்லில் கட்டாயமாகச் சேர்க்க முடியாது. கேட்காத பண்டத்துக்குக் காசு வாங்கவும் முடியாது. ப்ரொஃபெகோ என்று நுகர்வோர் பாதுகாப்புக்கான அரசு அலுவலகம் இருக்கிறது. பில் தகராறில் அந்தப் பெயரைச் சொன்னாலே பல இடங்களில் கணக்குச் சரியாகிவிடும் என்றார். இன்னொன்று, பெசோவுக்கும் டாலருக்கும் எழுதுகிற குறி ஒன்றே. குறியைப் பார்த்து முடிவு செய்யாமல், எந்தப் பணம் என்று உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அவரே என்னைக் கூட்டிப்போனார். அந்த வீதியிலிருந்து தள்ளி, மெக்கானிக் பட்டறைகளுக்கு நடுவே ஒரு டாக்கோக் கடை. த்ரோம்போ தெருவோரமாகவே சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் அம்மா மாவை உருட்டி அழுத்தி டார்ட்டியா சுட்டுக்கொண்டே இருந்தார். சுண்ணாம்பில் வெந்த சோளத்தின் வாசனை நடைபாதை வரை வந்தது. கறி சீவி விழுந்ததும் வெங்காயம், கொத்தமல்லி, மேலே ஒரு கரண்டி குவாக்கமோலி, தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டோம். யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. முடித்ததும் எத்தனை சாப்பிட்டீர்கள் என்று எங்களிடமே கேட்டுக் கணக்குப் போட்டார்கள்.

அங்கேயே அம்மாவுக்காகவும் விசாரித்தேன். டார்ட்டியா சுட்ட அம்மா பொறுமையாகச் சொன்னார். சோள டார்ட்டியாவில் சோளம், தண்ணீர், சுண்ணாம்பு தவிர வேறு இல்லை. கோதுமை டார்ட்டியாவில் கொழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம். சிவப்புச் சோற்றைப் பெரும்பாலும் கோழிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். மசித்த பயறு வேண்டவே வேண்டாம். நொபாலெஸ் என்கிற சப்பாத்திக்கள்ளி மடலைச் சுட்டுச் சோள டார்ட்டியாவில் வைத்துத் தரச் சொல்லலாம், ஆனால் கறி படாத கல்லில் சுடச் சொல்ல வேண்டும். சீசர் சாலட்டும் சைவம் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள், அதன் குழம்பில் நெத்திலி மீன் சேரும்.

சான் இசிட்ரோவிலேயே பெசோ மாற்றிக்கொள்ளுங்கள், சின்ன நோட்டாக. கேட்க வேண்டிய வாக்கியம் இது: “லோஸ் ஃப்ரிஹோலெஸ் யேவான் மான்தேகா?” பயற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று அர்த்தம். மெனுவோடு வாசலில் நிற்கிறவரிடம் கேட்காதீர்கள். அடுப்படியில் இருப்பவரிடமோ, மேசை துடைக்கும் பையனிடமோ கேளுங்கள்.