சிங்கத் தலையா, முத்துச்சிப்பியா?

2023 ஜனவரியில் ஸ்கியாபரெல்லி என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் டேனியல் ரோஸ்பெரி பாரிஸ் மேடையில் காட்டிய ஆடைகளைப் பற்றி எங்கள் சேலம் அம்மாபேட்டை வீட்டில் இன்னும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

தங்கை சிங்கத்தின் கட்சி. கறுப்பு வெல்வெட் கவுனில் உயிருள்ளது போலவே ஒரு சிங்கத் தலை. மாடல்கள் நவோமி கேம்ப்பெல் ஓநாய்த் தலையுடனும் ஷாலோம் ஹார்லோ சிறுத்தைத் தலையுடனும் நடந்தார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வழிமறிக்கும் மூன்று விலங்குகள் அவை. வேட்டையை மெச்சும் உடை என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நுரைப்பொருளில் வடித்து, கம்பளியும் பட்டும் கொண்டு செயற்கை ரோமம் அமைத்து, கையாலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். எந்த உயிரும் போகவில்லை.

அத்தைக்கு அதே மேடையில் வந்த இடை இறுகிய கோட்டுகளும் முத்துச்சிப்பி இழைத்த மார்க்கச்சும்தான் பிடித்தன. தறியில் உட்கார்ந்தே வயதானவர். "தலையைக் கழற்றிவிட்டால் அந்தக் கவுனில் என்ன கண்ணு மிச்சம்?" என்று கேட்டார். தங்கையிடம் பதில் இல்லை.

நான் அத்தையின் பக்கம். எங்கள் சேலம் வெண்பட்டு வேட்டியைப் படம் எடுத்தால் வெறும் வெள்ளைத்துணி. விரலால் தடவினால்தான் நெய்தவரின் திறமை தெரியும். சிப்பி வேலையும் அப்படித்தான். சிங்கமோ கைப்பேசித் திரையிலேயே முழுதாகத் தெரிந்துவிடுகிறது. மாடல் இரீனா ஷாய்க் மேடையில் அணிந்த அதே சிங்கக் கவுனை அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னரும் உடுத்தி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். உலகம் அந்தப் படத்தையே பகிர்ந்தது. சிப்பியை இழைத்த கைகளைப் பற்றி யாருமே பேசவில்லை.