லேப்டாப் லூப்பிங், வெறுங்கால், ஒரு சஸ்டெய்ன் பெடல்: 3 வருட அனுபவம்

போன வாரம் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், என் மிடி ஃபுட் கன்ட்ரோலரில் (காலால் மிதித்துக் கணினிக்குக் கட்டளை அனுப்பும் பெட்டி) நாலு சுவிட்சை மாற்றிக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரியே மதுரையிலிருந்து நண்பர் ஒருவர் ஃபோன் செய்தார். அவரும் என்னைப் போல வயலின்தான். "லேப்டாப் வச்சு லைவ் லூப்பிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கட்டும்?" என்று கேட்டார். லூப்பிங் என்றால், வாசித்ததை அங்கேயே பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் வாசிப்பது. ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் பெட்டி. மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியைத்தான் நாலு பேரிடம் கேட்டேன். பட்ஜெட்டில் பெரும்பகுதியை இன்டர்ஃபேஸிலும் லேப்டாப்பிலும் போட்டுவிட்டு, மிச்சக் காசுக்குக் கிடைத்த ஃபுட் கன்ட்ரோலரை வாங்கினேன். அந்த வரிசையில்தான் தப்பு இருந்தது.

இன்டர்ஃபேஸ் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2. ஒரு இன்புட்டில் வயலினின் பியசோ பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது), இன்னொன்றில் கொன்னக்கோலுக்கு (தாளச் சொற்களை வாயால் சொல்வது) ஒரு எஸ்எம்58 மைக். பியசோவை லைன் இன்புட்டில் செருகினால் நாதம் மெலிந்து கீச்சென்று ஆகிவிடும். இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) ஒரு மெகா ஓம் அளவில் இருக்கிற இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் வேண்டும், அது இதில் இருக்கிறது. ஒலியை ஒரு செகண்டுக்கு 48,000 துணுக்காக்கி, கணினி ஒரே தடவையில் கையாளும் தொகுப்பை (பஃபர்) 128 துணுக்கு என்று வைத்தால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லி செகண்ட். போய்த் திரும்ப எல்லாம் சேர்த்துப் பத்து மில்லி செகண்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒலி அந்த நேரத்தில் மூன்றரை மீட்டர் போகும். மேடையில் மூன்றரை மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் இருந்தால் நாம் வாசிக்காமலா விடுகிறோம்? அதோடு, நேரடி வயலினை டைரக்ட் மானிட்டரில் (கணினிக்குப் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே) கேட்டுக்கொண்டு லூப்பை மட்டும் கணினியிலிருந்து எடுத்தால் இந்தத் தாமதம் காதுக்கே வராது. வைஃபையை அணைத்துவிட்டு வாசியுங்கள். லேப்டாப் அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் விஷயத்தில் முதலில் ஏபிள்டன் லைவ் முயன்றேன். 2009-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து அதில் லூப்பர் உண்டு. டைம் சிக்னேச்சரை 7/8 என்று வைத்து, மெட்ரோனோம் கிளிக்கோடு வாசிப்பவர்களுக்கு அது சௌகரியம். எனக்குக் காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) அந்த நேரத்து மனசில் எப்படி வருகிறதோ அப்படி எடுத்துத்தான் பழக்கம். அதனால் மோபியஸுக்கு மாறினேன். எக்கோப்ளெக்ஸ் டிஜிட்டல் ப்ரோ என்ற பழைய லூப்பர் பெட்டியைப் பின்பற்றி எழுதப்பட்ட இலவச மென்பொருள் அது. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் பிளக்-இன்னாக ஓட்டுகிறேன்.

அதில் மல்டிப்ளை என்று ஒன்று இருக்கிறது. ஏழு அட்சரம், அதாவது ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுற்று), "தகிட தகதிமி" என்று மைக்கில் சொல்லி லூப்பை மூடுகிறேன். அது சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது மல்டிப்ளையை அழுத்தி, நாலு ஆவர்த்தனத்துக்கு நீளும் ஒரு சங்கதியை வாசித்து, மறுபடி அழுத்துகிறேன். 7 அட்சரமாக இருந்த லூப் 28 அட்சரமாக நீண்டு நிற்கும். கீழே அந்தக் கொன்னக்கோல் நாலு முறை வர, மேலே என் சங்கதி ஒரு முறை வரும். முதல் தடவை இது சரியாக விழுந்த ராத்திரி, தூங்கப் போகாமல் மூன்று மணி வரை வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு சந்தோஷத்துக்காகவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலையலாம்.

சரி, ஃபுட் கன்ட்ரோலருக்கு வருகிறேன்.

அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே குணம் வேறு பெட்டிகளிலும் இருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு வேலை: தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் இன்னொன்று. வாங்கும்போது இதுதான் பெரிய வசதியாகத் தெரிந்தது. யோசித்துப் பாருங்கள். நீங்கள் தட்டுகிறீர்களா, பிடிக்கப் போகிறீர்களா என்பது நீங்கள் காலை எடுக்கும்வரை அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதனால் கால் படும்போது அது ஒன்றும் அனுப்பாது. கால் எடுக்கும்போதுதான் அனுப்பும்.

மிஸ்ர சாபுவை நடுத்தர வேகத்தில் எடுத்தால் ஒரு அட்சரம் கால் செகண்ட், அதாவது 250 மில்லி செகண்ட். காலை வைத்து எடுக்க 60 மில்லி செகண்ட் ஆனால் கால் அட்சரம் போய்விட்டது. ஏழு அட்சரம் ஏழேகால் ஆகிவிடும். லூப்பைத் தொடங்கும்போதும் அதே தாமதம் இருக்குமே, கழிந்துவிடாதா என்று கேட்கலாம். இரண்டு மிதியும் ஒரே நீளமாக இருந்தால் கழியும். இருக்காது. தொடங்கும்போது வெடுக்கென்று தட்டுகிறோம். மூடும்போது வில்லும் கையும் சங்கதியில் மாட்டிக்கொண்டிருக்கும், கால் மெதுவாகத்தான் எழும். கணினியின் தாமதம் எவ்வளவு என்று மோபியஸிடம் சொல்லிவிட்டால் அது கழித்துக்கொள்ளும். என் காலின் தாமதம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு. அதை எந்த மென்பொருளிடமும் சொல்ல முடியாது. ஆறு மாதம் என் தாள ஞானத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தேன். இன்னும் கோபம் வருகிறது.

இதில் இன்னொன்று சேர்ந்தது. மேடையில் நாம் செருப்பு போட்டுக்கொண்டு உட்கார்வதில்லை. அந்த இரும்புச் சுவிட்சோ ஷூவோடு ஓங்கி மிதிப்பதற்காகச் செய்யப்பட்டது. வெறுங்காலில் உள்ளங்கால் நோகும் என்பதால் தன்னையறியாமல் மெதுவாக அழுத்துவோம். தேய்ந்த சுவிட்சை மெதுவாக அழுத்தினால் உள்ளே தொடுமுனை ஒரே தடவை பட்டு விலகாது. துள்ளித் துள்ளிப் படும். ஒரு மிதி இரண்டு மிதியாகக் கணக்காகும்.

போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் இதுதான் நடந்தது. முதல் மிதியிலேயே ரெக்கார்ட் ஆரம்பித்து, அந்தக் கணமே மூடியும் விட்டது. ஸ்பீக்கரில் கொர்ரென்று ஒரே சத்தம். சவுண்டு பார்த்தவர் எர்த் ஹம் (எர்த் கோளாறால் வரும் கரண்ட் இரைச்சல்) என்று நினைத்து ஓடிவந்து என் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினார், கேபிளை மாற்றினார், டிஐ பாக்ஸில் எர்த்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் போட்டார். சத்தம் நிற்கவில்லை. நான்தான் எல்லா டிராக்கையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்து மிடி-ஆக்ஸில் (மிடி செய்திகளைக் காட்டும் மென்பொருள்) பார்த்தபோது புரிந்தது: ஒரு மிதிக்கு இரண்டு செய்தி, நடுவில் ஏறக்குறைய 20 மில்லி செகண்ட். 20 மில்லி செகண்ட் லூப் ஒரு செகண்டுக்கு 50 தடவை சுற்றும். நம் ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதுவும் ஒன்று. அவர் எர்த்தைத் தேடியதில் ஒரு தப்பும் இல்லை.

ரிச்சி தெருவில் ரிப்பேர் கடைப் பையன் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சுவிட்சாக விரலால் அமுக்கிப் பார்த்தான். "அண்ணே, இதுல க்ளிக்குன்னு கல்லு மாதிரி இருக்கறத எடுத்துட்டு, க்ளிக் இல்லாத மொமென்டரி போட்டுத் தர்றேன். வெறுங்காலுக்கு அதான் செட் ஆகும்" என்றான். மொமென்டரி என்றால் அழுத்தும்வரை மட்டும் இணைந்திருப்பது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தான். அரை மணி நேர வேலை. இப்போது இரட்டை மிதி நின்றுவிட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: இரும்பு உடம்பு, மூன்று வருடம் ஆட்டோவிலும் ரயிலிலும் அடிபட்டும் நசுங்கவில்லை. வெயிலில் டிஸ்ப்ளே தெரிகிறது. யுஎஸ்பி சாக்கெட் ஒரு நாளும் ஆடியதில்லை.

ஆனால் கால் எடுத்தால்தான் அனுப்புவேன் என்கிற பிடிவாதம் அப்படியே இருக்கிறது. அதை அணைக்க அதில் வழி இல்லை.

அதற்கு விடை வீட்டிலேயே கிடந்தது. தங்கையின் பழைய கீபோர்டு சஸ்டெய்ன் பெடல் (ஸ்வரத்தை நீட்டக் காலால் அழுத்துவது). அகாய் எம்பிகே மினி என்ற சின்ன மிடி கீபோர்டின் பின்னால் சஸ்டெய்னுக்கு ஒரு துளை உண்டு, அதில் செருகினேன். அழுத்திய கணமே சிசி 64 என்ற மிடி செய்தியில் 127 போகிறது, விட்டால் 0. அழுத்தும் கணத்தை ரெக்கார்டுக்குக் கொடுத்தேன். அகலமான பெடல், வெறுங்காலுக்குப் பஞ்சு மாதிரி. எத்தனையோ கீபோர்டுக்காரர்கள் அதை வெறுங்காலில்தான் அமுக்குகிறார்கள், எனக்குத் தோன்றவே இல்லை. முதல் நாளே ஏழு அட்சரம் ஏழாகவே விழுந்தது. இப்போது ரெக்கார்டும் மல்டிப்ளையும் சஸ்டெய்ன் பெடலில். நிறுத்துவது, அழிப்பது, டிராக் மாற்றுவது மாதிரி நேரம் முக்கியமில்லாத வேலைகள் பெட்டியில்.

நண்பரிடம் இன்னொன்றும் சொன்னேன், அதைச் செலவுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. தரையில் உட்கார்ந்து, வலது கணுக்காலில் வயலின் தலையை ஊன்றி வாசிக்கும்போது கால் நமக்குச் சொந்தமில்லை. அதனால் ஸ்டூல் வேண்டும், ஷோல்டர் ரெஸ்ட் வேண்டும். வயலின் அசையாமல் நிற்கும் அந்தப் பிடி போய்விட்டால் இடது கை வழுக்கிப் போவதற்குத் தயங்கும், கமகம் (ஸ்வரத்தின் அசைவு) சுருங்கும். எனக்கு அது மறுபடி வர நாலு மாதம் ஆயிற்று. தினமும் லூப் இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து தோடி ராகம் மட்டும் வாசித்தேன்.

"இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே, அப்ப அந்த ஃபுட் கன்ட்ரோலர் வாங்கலாம்ல?" என்றார். வாங்காதீர்கள் என்றேன். ரிப்பேர் நன்றாக நடந்திருக்கிறது, பெட்டி உழைக்கிறது, எனக்கு இனி விற்கும் எண்ணமும் இல்லை. இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த ஆறு மாதத்தை எனக்கு யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வருகிறார். இன்டர்ஃபேஸ் எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம், வயலினை மட்டும் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அந்தப் பெட்டியையும் சஸ்டெய்ன் பெடலையும் அவரே மிதித்துப் பார்க்கட்டும்.